சின்ன லேத்துக்கு வீட்டிலேயே ஒரு டூல் ஹோல்டர்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பம்ப் செட்டுக்கு ஒரு புஷ், ஸ்பிரேயருக்கு ஒரு பின் என்றாலும் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய் லேத் பட்டறை வாசலில் காத்திருக்க நேர்கிறது. அந்த அலைச்சல் வேண்டாமென்று மேசைமேல் வைக்கும் சின்ன லேத்தை வாங்கியவர்களுக்கு இந்தக் குறிப்புகள். அதோடு வரும் நான்குமுக டூல் போஸ்ட்டில், டூலுக்கு அடியில் ஆக்சா பிளேடுத் துண்டுகளை அடுக்கித்தான் உயரம் வைக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி உயரம் வைக்கும் ஹோல்டரை அதே லேத்திலேயே செய்துவிடலாம். ஓர் உருண்டைத் தூண், அதைக் கவ்விக்கொண்டு ஏறி இறங்கும் ஒரு கட்டை, அவ்வளவுதான். பொழுதுபோக்குக் கடைசல்காரர்கள் இதை நார்மன் டூல் போஸ்ட் என்பார்கள்.

1. இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 மி.மீ. கம்பியில் டூல் நுனி நடுமட்டத்துக்கு அரை மி.மீ. தாழ்ந்தால் வெட்டும் கோணம் 1 டிகிரிதான் மாறும். 6 மி.மீ. கம்பியில் அதே அரை மி.மீ. கிட்டத்தட்ட 10 டிகிரியை மாற்றிவிடும். மேலே போனால் டூல் வெட்டாமல் தேய்க்கும். கீழே போனால் கம்பி டூல்மேல் ஏறப் பார்க்கும். நம் வீட்டு வேலையில் பெரும்பாலும் மெல்லிய கம்பிதான் என்பதால், உயரம் சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

2. கட்டைக்கு 55 × 40 × 30 மி.மீ. அளவில் ஓர் எம்.எஸ். துண்டு, தூணுக்கு 40 மி.மீ. உருண்டைக் கம்பி போதும். காயலான் கடையில் எடைக்கு வாங்குங்கள். போகும்போது பழைய அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது கடினப்படுத்திய இரும்பு, நம் லேத்துக்கு ஆகாது. அலுமினியக் கட்டை கடைய சுலபம்தான், ஆனால் ஸ்க்ரூ மரை சீக்கிரம் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பி கிடைக்குமே என்று கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பரை மட்டும் அறுக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும், வெடித்துச் சிதறும்.

3. முதலில் கட்டையில் ஓட்டை, பிறகுதான் தூண். உட்புறத்தை அளப்பது கஷ்டம், வெளிப்புறத்தை அளப்பது சுலபம். நான்கு தாடைச் சக்கில் கட்டையைப் பிடித்து, சின்ன டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, போரிங் டூலால் 25 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ஓட்டையின் ஒரு பக்கம் 15 மி.மீ., எதிர்ப்பக்கம் 15 மி.மீ. சதை நிற்கட்டும். கடைசி அளவில் டூலை நகர்த்தாமலே இன்னும் இரண்டு முறை ஓட்டுங்கள். போரிங் டூல் வளைந்து விட்டுவைத்த மிச்சம் அப்போதுதான் போகும்.

4. இப்போது தூண். அடியில் 8 மி.மீ. கனத்துக்கு 40 மி.மீ. விளிம்பை விட்டுவிட்டு, மேலே 25 மி.மீ.க்குக் கடையுங்கள். முடியும் தறுவாயில் கட்டையை அடிக்கடி மாட்டிப் பாருங்கள். எண்ணெய் தடவினால் வழுக்கி இறங்க வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. விளிம்பின் அடிப்பக்கத்தை நடுவில் துளி குழிவாகக் கடைந்தால் ஓரம் மட்டும் உட்கார்ந்து, தூண் அசையாமல் நிற்கும். தூணை லேத்தோடு பிணைக்க நடுவில் போகும் ஆலன் போல்ட்டின் தலை தூணுக்குள் முழுக்க அமிழ வேண்டும்.

5. இறுக்கும் போல்ட்டுக்குத் துளை போட்டு மரை எடுத்த பிறகே கட்டையை அறுக்க வேண்டும். முந்தி அறுத்துவிட்டால் இரண்டு துளையும் நேருக்கு நேர் வராது. ஒரு பக்கச் சதையின் நடுவே, 40 மி.மீ. அகலத்துக்கும் குறுக்காக 5 மி.மீ. டிரில்லை விடுங்கள். முன்பாதியை 6.5க்குப் பெரிதாக்கி, பின்பாதியில் எம் 6 டேப். அதற்கப்புறம் ஆக்சாவால் ஓட்டைவரை ஒரே நேர்க்கோட்டில் அறுத்தால் கட்டை தூணைக் கவ்வத் தயார். டிரில், டேப் இரண்டிலும் மலிவு பார்க்காதீர்கள். இவற்றைச் செய்யும், 1873இல் தொடங்கிய அடிசன் கம்பெனி நம் சென்னையிலேயே இருக்கிறது. பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவுக்குப் போனால் நல்ல டூல்கள் கிடைக்கும்.

6. டூல் உட்காரும் பள்ளம் எதிர்ப்பக்கத்தில், 9 மி.மீ. உயரம், 9 மி.மீ. ஆழம். 8 மி.மீ. டூல் பிட்டுக்கு இது சரி. மில்லிங் மெஷின் இல்லாதவர்கள் இரண்டு ஆக்சா பிளேடைச் சேர்த்து மாட்டி அறுத்து, தட்டை அரத்தால் ராவலாம். பள்ளத்தின் தரையில் மார்க்கர் பேனாவால் மை பூசி, டூல் பிட்டை வைத்துத் தேய்த்தால் மேடு எது என்று மை அழிந்த இடம் காட்டும். அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. மேலிருந்து எம் 6 ஆலன் ஸ்க்ரூ மூன்று போடுங்கள்.

7. கட்டையை முழுக்க இறக்கிய நிலையில் டூல் நுனி நடுமட்டத்துக்கு 2, 3 மி.மீ. கீழே இருக்கும்படி பள்ளத்தின் இடத்தைக் கணக்கிடுங்கள். தூண் விளிம்பின் கனத்தையும் சேர்த்துத்தான். டூல் சாணை பிடிக்கப் பிடிக்கத் தேயும், ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும்.

8. கட்டையின் தலையில் ஒரு சின்னப் பட்டையைத் தூணின் மேல்வரை நீட்டிப் பொருத்தி, அதில் எம் 5 ஸ்க்ரூ ஒன்று. அது தூணின் தலையை அழுத்தும்போது கட்டை ஏறும். ஒரு லாக் நட் அவசியம்.

9. உயரம் பார்க்க ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். மெஷினை நிறுத்திவிட்டு, கம்பிக்கும் டூல் நுனிக்கும் நடுவில் ஸ்கேலை மெதுவாகக் கவ்வ விடுங்கள். செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் மேலே இருக்கிறது.

10. டூல் பிட் வெளியே நீட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டு மடங்கு ஆகும். எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு நல்லது.

11. ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் சாணையில் நீலம் பாய்ந்தால் பயப்பட வேண்டாம். 1900 பாரிஸ் கண்காட்சியில், அதை உருவாக்கிய டெய்லரும் ஒயிட்டும் நுனி சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவிக் காட்டிய ஜாதி அது. 600 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சூட்டோடு தண்ணீரில் முக்கினால்தான் நுண்ணிய விரிசல் விழும். பழைய அரத்தைத் தீட்டிச் செய்த டூல் நீலம் பாய்ந்தால் மட்டும் அந்த முனை வீண்.

12. 25 மி.மீ. எம்.எஸ். கம்பிக்கு நிமிடத்துக்கு 300 சுற்று போதும். வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் கடைசிச் சீவலை ஓட்டாதீர்கள், பரப்பு வரிவரியாக வரும்.

13. லேத் ஓடும்போது துண்டு, தொங்கும் முந்தானை, கையுறை, வளையல், மோதிரம் எதுவும் கூடாது. இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கியால் இழுங்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைத் தொடவே கூடாது.

14. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரே இரவில் துரு பூக்கும். வேலை முடிந்ததும் மெஷின் ஆயில் தடவிய துணியால் துடைத்து வையுங்கள். சமையல் எண்ணெய் பிசுக்குப் பிடிக்கும்.

15. ஒரே தூணுக்கு இன்னொரு கட்டையும் செய்துகொள்ளுங்கள், போரிங் பாருக்காக. அதில் பள்ளம் வேண்டாம். தூணில் மாட்டி இறுக்கி, 12 மி.மீ. டிரில்லைச் சக்கில் பிடித்து, கேரேஜைச் சக்கை நோக்கி நகர்த்தித் துளையுங்கள். துளை தானாகவே நடுமட்டத்தில் விழும்.