புதுவீட்டுத் தோட்டம்: புரட்டாசிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்கும். வாலாஜாபாத் வட்டாரத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அதில்தான் கிடைக்கிறது. பறவையும் பூச்சியும் தங்கும் தோட்டம் வேண்டுவோர் மண்வேலையையும் நீர்வேலையையும் புரட்டாசிக்குள் முடித்து, ஐப்பசியில் கன்று நட வேண்டும்.

கட்டுமானம் முடிந்த மனையில் சிமெண்டும் செங்கல் துண்டும் கலந்து மண் இறுகிக் கிடக்கும். அதன்மேல் ஒரு லோடு செம்மண் பரப்பி மறைப்பதே பரவலான வழக்கம். ஆனால் வேர் சற்றுக் கீழே இறங்கியதும் செடி வாடத் தொடங்கும். நடும் இடத்திலாவது ஓரடி ஆழத்துக்கு இடிபாட்டை அள்ளிவிட்டு, மண்ணைக் கொத்தித் தொழுஉரம் கலந்து ஆறவிடுவது அவசியம்.

தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். சேகரிப்புத் தொட்டி நிரம்பி வழியும் நீரைச் சிறு குட்டைக்குத் திருப்பலாம். குட்டையின் ஒரு பக்கமாவது சரிவாக இருக்க வேண்டும். செங்குத்தான சிமெண்ட் தொட்டியில் விழும் அணிலும் ஓணானும் ஏற முடியாமல் மூழ்கும். கொசு வருமே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் தட்டானின் இளம் பருவம் நீருக்குள் வாழ்ந்து கொசுப்புழுக்களைத் தின்னும். கொசுப்புழுவை ஒழிக்கக் கம்பூசியா மீனை விடலாகாது. அது தவளைக் குஞ்சுகளையும் விட்டுவைக்காது. பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியை இரண்டு நாளுக்கொரு முறை கவிழ்த்துத் தேய்த்து நிரப்புவது போதும்.

மரத் தேர்வில் அவசரம் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் சாய்ந்தவற்றில் குல்மோகர், இயல்வாகை போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளம். புங்கன், மகிழம், நுணா, பூவரசு, விளா ஆகியவை இந்த மண்ணுக்குப் பழகியவை. சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, இரண்டடிக் குழியில் நட்டு முட்டுக்கொம்பு கட்ட வேண்டும். நாவல் பறவைகளுக்கு விருந்துதான். ஆனால் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் தெருவில் பட்டுப் பாவு போடும் இடத்தருகே அது வேண்டாம். நாவற்பழக் கறை பட்டில் படிந்தால் போகாது.

பூ மட்டும் இருந்தால் பட்டாம்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்க வேண்டுமானால் முட்டையிட இலை வேண்டும். எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு, சரக்கொன்றை, ஆடுதீண்டாப்பாளை ஆகிய ஒவ்வொன்றும் சில இனங்களின் புழுவுக்கு உணவு. கடித்த இலையைக் கண்டு மருந்தடிப்பவருக்கு இத்தோட்டம் ஒத்துவராது. கறிவேப்பிலையின் பழத்தைக் கொண்டைக்குருவி தேடி வரும். வேலிக்கு நொச்சியும் கிளுவையும் நட்டு, கோவைக்கொடியைப் படரவிட்டால் தையல்சிட்டுக்கும் செம்போத்துக்கும் மறைவு கிடைக்கும். உண்ணிச்செடி அழகாகப் பூத்தாலும் அண்டை நிலங்களுக்குப் பரவும், தவிர்க்கவும்.

உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் மரத்தடியில் மூடாக்காகப் போட வேண்டும். மழைக்காலத்தில் பாம்பு மேட்டிடம் தேடும். விறகும் மீந்த செங்கலும் சுவரை ஒட்டிக் கிடக்கக் கூடாது. கதவடி இடுக்கையும் வடிகால் துளைகளையும் அடைக்க வேண்டும். பாம்பு உள்ளே வந்துவிட்டால் அடிக்காமல் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழைப்பதே முறை. வெளிவிளக்கு மஞ்சள் நிறத்தில், தரை நோக்கி, தேவையான நேரத்துக்கு மட்டும் எரிந்தால் அந்துப்பூச்சிகள் மடிவது குறையும்.

தீபாவளியும் இதே பருவத்தில் வருகிறது. பாலாற்றுக்குத் தெற்கே வேடந்தாங்கலில், பறவைகள் மிரளாதிருக்க ஊரார் வெடி வெடிப்பதில்லை. அவ்வூர் ஏரிப் பறவைகளுக்கான காப்பை 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்தில் தந்தார். 2022-இல் அந்த ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வீட்டு மரத்தில் கூடு இருந்தால் அதனடியில் வெடி தவிர்த்து, குஞ்சு பறக்கும்வரை கிளை கழிப்பதையும் தள்ளிப்போட வேண்டும். மழை ஓய்ந்த தை மாதத்தில் முட்டுக்கொம்பின் கட்டைத் தளர்த்தி, கன்றுகளுக்கு வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றத் தொடங்கலாம்.