விடை கேட்காதீர்கள், பிழை கேளுங்கள்

உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது. செயற்கை நுண்ணறிவை வைத்துப் படிக்கிற புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவுப் பிள்ளைகள் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஆயிரத்துக்குக் கிட்டிய மாணவர்களிடம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சாட்ஜிபிடி போன்ற கருவி கையில் இருந்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் முன்னேறினார்கள். கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். அதைவிட மோசம், தாங்கள் பின்தங்கியதை அவர்கள் உணரவே இல்லை. ஆனால் விடையை மறைத்துக் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியைப் பாவித்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் வரவில்லை.

ஆகவே போனைத் தூக்கி எறிய வேண்டாம். புத்தளத்துக்கு ரியூசன் போய்வரக் கையில் காசில்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. கடந்தகால வினாத்தாளை எடுத்து, முதலில் கொப்பியில் நீங்களே செய்யுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு கருவியிடம் இப்படிக் கேளுங்கள்: “விடை சொல்லாதே. எந்த வரியில் முதலில் பிழை விட்டேன் என்று மட்டும் சொல்.” திருத்தியதும் போனை மூடிவிட்டு, அதே மாதிரி இன்னொரு கணக்கு. கடைசிச் சரிபார்ப்புக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டம் இருக்கிறது.

“எனக்கு இதெல்லாம் வராது” என்கிற பிள்ளை ஒரு வேலை செய்து பார்க்கலாம். கரைத்தீவைப் பற்றிச் செயற்கை நுண்ணறிவிடம் கேளுங்கள். விபுலாநந்தர் பிறந்த அம்பாறைக் காரைதீவை உங்கள் ஊர் என்று அது சொன்னாலும் ஆச்சரியமில்லை. களப்பு, கண்டல், மீன் வரும் காலம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கே பிழை என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கடிதத்தை நீங்களே எழுதி, எழுத்துப் பிழை பார்க்க மட்டும் அதனிடம் கொடுங்கள். 2025இல் எம்ஐடி வெளியிட்ட, 54 பேர் மட்டும் பங்கேற்ற சிறிய ஆய்வில், சாட்ஜிபிடியோடு கட்டுரை எழுதியவர்களில் பெரும்பாலோரால் சற்றுமுன் எழுதியதிலிருந்து ஒரு வரியைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நேர்முகத் தேர்வில் “இதை ஏன் எழுதினீர்கள்?” என்று கேட்டால் அதே கதிதான். வாப்பாவின் மீன் கணக்கை நீங்கள் எழுதி வந்திருந்தால் அதைக் கடிதத்தில் போடுங்கள். எத்தனை கேள்வி வந்தாலும் பதில் இருக்கும். நேர்முகத் தேர்வுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு செயற்கை நுண்ணறிவையே கேள்வி கேட்பவராக்கி, தமிழில் ஒரு தரமும் சிங்களத்தில் ஒரு தரமும் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள்.