பாஸ்வேர்டை மாற்றியாச்சு, அப்புறம்?

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் இது நடக்கும். டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்க வந்தவருக்கு ஜிமெயில் இல்லையென்றால் கடையிலேயே ஒன்று தொடங்கித் தருவார்கள். ரெகவரி நம்பர் கடைக்காரருடையது. பாஸ்வேர்டு விண்ணப்ப நகலின் பின்பக்கம் பேனாவில். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அந்த மெயிலின் சாவி அவர் கையில். ஹால் டிக்கெட்டும் நேர்காணல் கடிதமும் அதில்தான் வரும் என்றால், இன்றைக்கே நம்பரை உங்களுடையதாக மாற்றுங்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

சரி, மெயிலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். சந்தேகமான கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள், அதுவும் அவர்களிடமே போய்ச் சேரும். நீங்கள் வழக்கமாக மெயில் பார்க்கும் போனில், வழக்கமாகப் பார்க்கும் இடத்திலிருந்தே மீட்க முயலுங்கள். பழகிய கருவியும் இடமும் என்றால் கூகுள் எளிதில் நம்பும். புகுந்தவர் ரெகவரி நம்பரையே மாற்றியிருந்தாலும், பழைய நம்பருக்குக் குறியீடு வாங்க 7 நாள் வரை வாய்ப்பு உண்டு. அதனால் 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

பாஸ்வேர்டை மாற்றியதும் பெரும்பாலோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். விவரமான திருடன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். உள்ளே இருந்தபோதே செட்டிங்ஸில் ஒரு ஃபில்டர் வைத்திருப்பான்: 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொல் வரும் கடிதமெல்லாம் நேரே குப்பைக்கு, அதன் நகல் அவன் முகவரிக்கு. பத்தமடைப் பாயோ வீரவநல்லூர்த் துண்டோ வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்' என்று அவர் பெயரிலேயே வாடிக்கையாளருக்குக் கடிதம் போகிறது. 'உண்மைதானா அண்ணாச்சி?' என்று வரும் பதில் அவர் கண்ணில் படுவதே இல்லை. எனவே கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து ஃபில்டர், ஃபார்வேர்டிங், பாப்-ஐமேப் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். போன் ஆப்பில் ஃபில்டர் பட்டியல் தெரியாது. அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்கு ஆதாரம் அதுதான்.

மற்றவை சில நிமிட வேலை. தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள், அனுமதி பெற்ற ஆப்களில் புரியாததை நீக்குங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்கெல்லாம் போட்டீர்களோ அங்கேயும் மாற்றுங்கள். யாஹூவில் 2013-இல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகள் சிக்கின. அப்படி ஒரு கடலிலிருந்து எடுத்த பாஸ்வேர்டை மற்ற இடங்களில் போட்டுப் பார்ப்பதுதான் பல திருடர்களின் அன்றாட உத்தி. உங்களை யாரும் தனியாகக் குறிவைக்கத் தேவையில்லை.

பணம் போயிருந்தால் முதல் வேலையாக சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க அதுதான் வழி. திருநெல்வேலியில் மாநகரக் காவலுக்கும் மாவட்டக் காவலுக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாடிக்கையாளர்களுக்கு மட்டும் மெயிலில் சொல்லாதீர்கள், போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இனி கணக்கு எண் மாறினால் குரல் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் போட வேண்டும் என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசுக்கு ஒரே மெயில், ஐந்து பேருக்கு ஒரே பாஸ்வேர்டு என்று நடத்தும் முதலாளிகளுக்கு: வேலையை விட்டுப் போன பையனின் போனில் அந்த மெயில் இன்னும் திறந்தே இருக்கலாம். கருவிப் பட்டியலை இன்றைக்கே பாருங்கள்.