நாய்கள் பின்புறத்தைத் தரையில் தேய்த்தல்: காரணமும் பரிகாரமும்

களத்திலும் கிடையிலும் காவல் புரியும் நாயானது, சிற்சில வேளைகளில் பின்கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்தபடியே, முன்கால்களால் நகர்ந்து, ஆசனவாயைத் தரையில் தேய்த்துக்கொண்டு செல்வதைக் குடியானவர்கள் பலரும் கண்டிருப்பர். சிறுவர்கள் அதைக் கண்டு நகைப்பர். பெரியவர்களோ நாய்க்கு மூலம் என்பர். அல்லது உடற்சூடு என்று சொல்லி மோர் வார்ப்பர். மனிதருக்கு வருவது போன்ற மூலவியாதி நாய்க்கு வருவது மிக அபூர்வம். மேற்சொன்ன செய்கை, ஆசனவாயினருகே அரிப்போ, பாரமோ, வலியோ இருக்கிறதென்பதற்கு அறிகுறியாகும். எப்போதோ ஒருமுறை தேய்த்துவிட்டு எழுந்து போனால் கவலைப்பட வேண்டுவதில்லை. தினந்தோறும் செய்தாலும், அவ்விடத்தை ஓயாமல் நக்கினாலும், வாலடியைக் கடித்துக்கொண்டாலும், வாலைத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

நாயின் ஆசனவாய்க்கு இருபுறத்திலும், சற்றுக் கீழாக, தோலுக்கடியில் இரண்டு சிறு பைகள் உள. கடிகார முகத்தோடு ஒப்பிட்டால் 4 மணிக்கும் 8 மணிக்கும் முள் நிற்குமிடங்கள் அவை. இவற்றுள் கடும் நாற்றமுடைய ஒரு திரவம் சுரக்கிறது. கெட்டியான மலம் வெளிவரும்போது பைகள் அழுத்தப்பட்டு, அத்திரவம் சிறு துவாரங்களின் வழியே வெளியேறிவிடும். ஒரு நாய் மற்றொன்றை வாலடியில் முகர்ந்து அறிவதற்கு இந்நாற்றமும் உதவுகிறது. மலம் எப்போதும் இளகலாகப் போய்க்கொண்டிருந்தால் பைகளுக்கு வேண்டிய அழுத்தம் கிடைப்பதில்லை. திரவம் உள்ளேயே தங்கிக் களிம்பு போல் இறுகும். சங்கிலியில் கட்டுண்டு கொழுத்துக் கிடக்கும் நாய்களிடத்தும், வீட்டினுள் வளர்க்கப்படும் சிறு ஜாதி நாய்களிடத்தும் இத்தொல்லை அதிகம்.

கவனியாது விட்டால் பையினுள் சீழ் பிடிக்கும். ஒருபுறம் சிவந்து வீங்கும்; நாய் மலங்கழிக்கக் கஷ்டப்படும்; வாலைத் தொட்டாலே கடிக்க வரும். பின்னர் கட்டி உடைந்து, ஆசனவாயின் பக்கத்தில் ஒரு துளை விழுந்து சீழும் இரத்தமும் வடியும். ஈ மொய்த்துப் புழு வைப்பது இந்நிலையில்தான். வீக்கம் கண்டவுடன் பொறுக்கத்தக்க சூடுள்ள வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பத்து நிமிஷம் ஒற்றடமிடலாம். அதன்பின் தாமதியாது கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. வெளிப்பட்ட புண்ணில் மண்ணெண்ணெயோ, இயந்திரங்களினின்று வடித்த பழைய எண்ணெயோ தடவுவது பெருந்தவறு. நாய் அதை நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும்.

சீழில்லாது வெறுமனே நிரம்பி நிற்கும் பைகளைக் கையால் பிழிந்து விடலாம். ஆயினும் மருத்துவர் ஒருமுறை செய்து காட்ட, அருகிலிருந்து பார்த்தபின் செய்வதே உத்தமம். உபத்திரவமில்லாத நாய்க்கு வழக்கமாகப் பிழிந்துகொண்டிருப்பதும் வேண்டாத வேலை. அதனாலேயே வீக்கமுண்டாவதும் உண்டு. எந்தச் சாதுவான நாயும் வலியில் கடிக்குமாகையால், முதலில் வாயைத் துணிநாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். உணவில் வேகவைத்த பரங்கிக்காய் போன்ற நார்ப்பொருளைச் சிறிது சேர்த்து, நாயை நன்றாக ஓடவிட்டு உடல் இளைக்கச் செய்தால் மலம் திரண்டு வரும்.

அடுத்த காரணம் நாடாப்புழு. நாய் படுத்தெழுந்த இடத்திலும், ஆசனவாயைச் சுற்றியுள்ள மயிரிலும், வெள்ளரி விதை போன்ற வெண்ணிறத் துணுக்குகள் காணப்படும். புதியவை மெல்ல அசையும். உலர்ந்தவை அரிசி நொய் போலிருக்கும். இவை குடலிலுள்ள புழுவின் உடலினின்று கழன்று விழும் கண்ணிகள். இவை ஊர்ந்து வெளிவருவதே அரிப்புக்குக் காரணம். இப்புழு ஒரு நாயினின்று மற்றொரு நாய்க்கு நேரே தொற்றுவதில்லை. கண்ணியிலுள்ள முட்டைகளைத் தெள்ளுப்பூச்சியின் புழுப்பருவம் தின்கிறது. அது வளர்ந்து பூச்சியாகி நாயின் மேலேறுகிறது. அரிப்பினால் நாய் அதைக் கடித்து விழுங்குகிறது. சுமார் மூன்று வாரத்தில் குடலில் புதிய நாடாப்புழு வளர்ந்துவிடும். நாயோடு விளையாடும் குழந்தைகள் தவறித் தெள்ளை விழுங்க நேர்ந்தால் அவர்களுக்கும் இது வரும்.

ஆகவே மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. பிராசிகுவாண்டல் என்னும் மருந்தை, நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராம் வீதம் கொடுத்தால் புழு மடியும். அதாவது 10 கிலோ நாய்க்கு 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. எடையறிய, ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு தராசிலேறி நின்று, பின் தம் எடையைக் கழித்துக்கொள்ளலாம். முற்காலத்தில் பாக்கினின்று எடுத்த அரிக்கோலின் என்னும் சத்தை இதற்கு வழங்கினர். அளவு சிறிது மிஞ்சினும் நாய் துன்புறுமாதலால் இப்போது பாக்கை இடித்துக் கொடுப்பது தகாது. மருந்தோடு தெள்ளையும் ஒழிக்க வேண்டும். அதன் முட்டைகள் நாயின் மேல் நில்லாது உதிர்ந்து, படுக்கைச் சாக்கிலும் தரை வெடிப்பிலும் கிடக்கும். சாக்கை வெந்நீரிலிட்டு வெயிலில் உலர்த்தி, படுக்குமிடத்தைப் பெருக்கிக் குப்பையை எரித்தல் வேண்டும். பயிருக்கடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நாயைக் கொல்லும், பூசுகிறவரையும் கெடுக்கும். நாய்க்கென்றே விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்துகளும் பூனைக்கு விஷம்.

இதுகாறும் கூறியவை நாயின் உபத்திரவங்கள். ஆடு வைத்திருப்போர் முக்கியமாய் அறியவேண்டியது வேறொன்றுண்டு. தெள்ளினால் வரும் நாடாப்புழு கண்ணுக்குத் தெரியும்படி அறிவித்துவிடுகிறது. அதனினும் கொடிய இரண்டு நாடாப்புழுக்கள் நாயிடம் அறிகுறி ஏதும் காட்டாமலே இருக்கக்கூடும். ஒன்று அரை அங்குலமுமில்லாத மிகச் சிறு புழு. நாயின் மலத்தோடு விழும் அதன் முட்டைகளைப் புல்லோடு மேய்ந்த ஆடுமாடுகளுக்கு ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகும். நாயைத் தடவிய கையைக் கழுவாது உண்ணும் மனிதருக்கும் அவ்வாறே உண்டாகி, சில சமயம் வயிற்றை அறுத்துக் கட்டியை எடுக்க நேரும். மற்றொன்று ஆட்டின் மூளையில் கட்டியை உண்டாக்கும். அத்தகைய ஆடு தலையைச் சாய்த்து, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கண் தெரியாது மந்தையினின்று பிரிந்து மாளும். அந்த ஆட்டின் தலையையும் கட்டியுள்ள ஈரலையும் நாய்க்கு எறிவதால் புழு மீண்டும் நாயிடமே போய்ச் சேருகிறது. எறிபவர் நாய்க்கு உபகாரம் செய்வதாகவே நினைக்கிறார்.

இச்சுற்றை அறுக்கக்கூடும் என்பதற்கு ஐஸ்லாந்து தீவு சாட்சி. 1863-ஆம் ஆண்டில் அங்குச் சென்ற ஹரால்ட் க்ராபே என்னும் டென்மார்க் வைத்தியர் 100 நாய்களை அறுத்துப் பார்த்ததில், 28 நாய்களிடம் அச்சிறு புழு இருந்தது. அடுத்த ஆண்டில் அவரெழுதிய சிறு பிரசுரம் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. நாய்களுக்கு மருந்து கொடுப்பதும், நோய்கண்ட உறுப்புகளை நாய்க்கெட்டாமல் அழிப்பதும் பின்னர் சட்டமாயின. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அத்தீவினின்று ஒழிந்தது.

நம் கிராமங்களில், ஆடு வெட்டுமிடத்துக்கு வேலி கட்டி நாய் புகாமல் தடுப்பதும், கழிவைச் சுண்ணாம்பிட்டு நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பதும் ஊராட்சியார் கவனிக்கவேண்டிய காரியம். திருவிழாக் காலங்களில் பல இடங்களில் வெட்டு நடப்பதால் முன்னதாகவே குழி எடுத்து வைத்தல் நலம். நாய்க்குக் கொடுத்தே ஆகவேண்டுமெனில், ஈரலைத் துண்டுகளாக்கி 40 நிமிஷம் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம். கிடை நாய்களுக்கு ஆறு வாரத்துக்கொருமுறை பிராசிகுவாண்டல் கொடுக்கவேண்டும். புழு நாயின் குடலில் முதிர்ந்து முட்டையிட ஏறக்குறைய அத்தனை காலம் பிடிக்குமாதலால், அதற்கு முன்னரே அது மடிந்துவிடும். மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டைகளைக் கொல்வதில்லை. ஆகையால் மருந்து கொடுத்தபின் இரண்டு மூன்று நாள்வரை நாயை மேய்ச்சல் நிலத்தில் விடாது கட்டிவைத்து, மலத்தை மண்வெட்டியால் எடுத்துப் புதைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும்.