நின்ற இடத்தில் ஒரு பயணம்

நுழையும்முன்

ஓர் இளைஞர் தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு, தரையை விட்டு எழாத ஒரு விமானத்தை உருவாக்கினார். விளையாட்டுப் பொருள் என்று கருதப்பட்ட அக்கருவி, பின்னர் விமானிகளின் உயிர்காக்கும் பயிற்சிக்கு உதவியது. அதன் வரலாற்றையும் அறிவியலையும், அதைப் போன்றதொரு மேடையை வீட்டில் அமைக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

வங்கமும் அசைவும்

'வங்கம்' என்னும் சொல் தமிழில் ஒரு நாட்டையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் கொல்கத்தாவின் கிடர்பூர். கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே, ஹூக்ளி ஆற்றங்கரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்குக் கப்பல்துறை அமைக்கப்பட்டது. ஆற்றில் ஓதம் ஏறும்; இறங்கும். அடைப்புக் கதவுகளுக்கு உள்ளே தேக்கப்பட்ட நீரிலோ கப்பல் அமைதியாக நிற்கும்.

அதே கப்பல் கடலை அடைந்ததும் ஆறு வகையாக அசையத் தொடங்குகிறது. முன்பின்னாக நகர்தல், இடவலமாக நகர்தல், மேல்கீழாக நகர்தல் ஆகியவை மூன்று. பக்கவாட்டில் சாய்தல், முன்பின்னாகச் சாய்தல், இடவலமாகத் திரும்புதல் ஆகியவை மற்ற மூன்று. விமானத்திற்கும் இந்த ஆறு அசைவுகள் உண்டு. இவற்றை ஓர் அறைக்குள்ளேயே உணரச் செய்யும் கருவி 'இயக்கச் சிமுலேட்டர்' எனப்படும்.

துருத்தியிலிருந்து பிறந்த விமானம்

அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் 1904ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தை பிங்காம்டன் நகரில் பியானோ, ஆர்கன் ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தார். லிங்க் 1920இல் தம் முதல் விமானப் பாடத்திற்குப் பணம் செலுத்திச் சென்றார். ஆனால், அன்று அவர் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொடவே அனுமதிக்கப்படவில்லை. செலவு மிகுந்த இப்பயிற்சியைத் தரையிலேயே தொடங்க முடியாதா என்று அவர் பின்னாளில் சிந்தித்தார்.

அதற்கான விடை தொழிற்சாலையிலேயே இருந்தது. ஆர்கன் காற்றால் இயங்கும் கருவி. துருத்தி அதன் உயிர்நாடி. கொல்கத்தா மாணவர்கள் ஆர்மோனியத்தில் துருத்தியைக் கண்டிருப்பர். காலால் மிதித்து வாசித்த ஆர்மோனியத்தை, தரையில் அமர்ந்து கையால் இயக்கும் வடிவிற்கு மாற்றியவர்களுள் முதன்மையானவர் இந்நகரத்தின் துவாரகநாத் கோஷ். ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை உந்தி இசை எழுப்புகிறது. லிங்கோ துருத்தியிலிருந்து காற்றை உறிஞ்சி அதைச் சுருங்கச் செய்தார். விமான வடிவப் பெட்டியின் அடியில் பொருத்தப்பட்ட துருத்திகள் சுருங்கியும் விரிந்தும் பெட்டியைச் சாய்த்தன. 1927 முதல் 1929 வரை தொழிற்சாலையின் நிலவறையில் உழைத்து அவர் இக்கருவியை முடித்தார்.

தொடக்கத்தில் விமானப் பள்ளிகள் இதனைப் பெரிதும் விரும்பவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களே இதனை வாங்கின. 1934இல் நிலைமை மாறியது. அமெரிக்க இராணுவ விமானிகளிடம் அஞ்சல் சுமக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி அவர்களிடம் போதிய அளவு இல்லை. சில வாரங்களிலேயே விமானிகள் பலர் உயிரிழந்தனர். அந்நாளில் இராணுவ அதிகாரிகளைச் சந்திக்க லிங்க் மூடுபனியினூடே தாமே விமானம் ஓட்டிச் சென்று பத்திரமாகத் தரையிறங்கினார். கருவிகளை நம்பிப் பறக்க முடியும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று. இராணுவம் ஆறு சிமுலேட்டர்களை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் 10,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. நீல நிறத்தால் அவை 'நீலப் பெட்டி' என்று பெயர் பெற்றன.

காது சொல்லும் பொய்

மேகத்திற்குள் விமானி ஏன் வழி தவறுகிறார்? மனிதனின் உட்காதில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பத் தொடங்கும்போது குழல் நகரும். நீர்மம் சற்றுப் பின்தங்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை திரும்புதலை உணர்கிறது. ஒரே வேகத்தில் நெடுநேரம் திரும்பினால் நீர்மமும் குழலோடு சேர்ந்து நகர்ந்துவிடும், உணர்வு மறையும். விமானம் சாய்ந்து வட்டமிடும்போதும் அது நேராகச் செல்வதாகவே விமானி எண்ணுவார். கருவியின் முள் மட்டுமே உண்மையைக் காட்டும். மூடிய பெட்டிக்குள் அமர்ந்து, தம் உணர்வை விட்டு முள்ளை நம்பும் பழக்கத்தையே லிங்கின் கருவி கற்பித்தது.

இன்றைய சிமுலேட்டர்கள் காதின் இக்குறையையே பயன்படுத்திக் கொள்கின்றன. இருக்கையைக் காது உணராத அளவு மெதுவாகப் பின்புறம் சாய்த்தால், உடலின் எடை முதுகில் அழுந்தும். கண்முன் உள்ள திரையில் காட்சி வேகமாக நகரும்போது, அவ்வழுத்தத்தை மூளை வாகனத்தின் வேகம் கூடுவதாக எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் அமைக்கும் முறை

வீட்டில் அமைக்கும் மேடைக்கு ஆறு அசைவுகளும் தேவையில்லை. முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் போதும். உறுதியான அடிச்சட்டத்தின் நடுவில், எல்லாப் பக்கமும் வளையும் ஓர் இணைப்பைப் பொருத்தி, அதன்மேல் இருக்கைப் பலகையை அமைக்க வேண்டும். பலகையின் பின்புறம் இடப்பக்கம் ஒரு தண்டும் வலப்பக்கம் ஒரு தண்டும் மோட்டார்களோடு இணையும். இரு தண்டுகளும் உயர்ந்தால் இருக்கை முன்சாயும், தாழ்ந்தால் பின்சாயும். ஒன்று உயர்ந்து மற்றொன்று தாழ்ந்தால் பக்கவாட்டில் சாயும். கொல்கத்தாவில் பழைய கார் உதிரிப்பாகங்கள் மல்லிக் பஜாரிலும், மின்னணுப் பொருள்கள் சாந்தினி சௌக்கிலும் கிடைக்கும்.

வாங்கும் முன்னர்க் கணக்கிடுதல் இன்றியமையாதது. அமர்பவரும் இருக்கையும் சேர்ந்து 60 கிலோ எனக் கொள்வோம். எடைமையம் நடு இணைப்பிலிருந்து 10 செ.மீ. விலகியிருந்து, தண்டுகள் 40 செ.மீ. தொலைவில் இருந்தால், அவை தாங்க வேண்டிய சுமை 60 × 10 ÷ 40 = 15 கிலோ. இருக்கையைச் சற்று நகர்த்தி விலகலை 2 செ.மீ. ஆக்கினால் சுமை 3 கிலோவாகக் குறையும். இவ்வாறு சரியாகத் திட்டமிட்டால் சிறிய மோட்டாரே போதும்.

மோட்டார் எவ்வளவு சுழன்றது என்பதைப் பொட்டென்ஷியோமீட்டர் அளந்து, ஆர்டுயினோ போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரிவிக்கும். வேண்டிய கோணத்தையும் இருக்கும் கோணத்தையும் ஒப்பிட்டு அப்பலகை மோட்டாரைத் திருத்தும்.

முதலில் அட்டையில் சிறு மாதிரி செய்து பார்க்க வேண்டும். பெரிய மேடையைப் பெரியவர் துணையோடுதான் அமைக்க வேண்டும். மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சிவப்புப் பொத்தான், அமர்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் இருக்கையில் மணல் மூட்டையே அமர வேண்டும். ஆள் அமரக் கூடாது. தவறு நேர்ந்தால் மூட்டைதான் விழும். ஆபத்தில்லாத இடத்தில் முதலில் தவறு செய்து கற்க வேண்டும் என்பதற்காகவே லிங்கும் தம் கருவியை உருவாக்கினார்.

சொற்பொருள்

ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
துருத்தி – காற்றை இழுக்கவும் உந்தவும் பயன்படும் பை
நிலவறை – தரைக்குக் கீழுள்ள அறை
எடைமையம் – ஒரு பொருளின் முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளி

பயிற்சி

1. 'வங்கம்' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.
2. 1934இல் விமானிகள் பலர் உயிரிழந்தமைக்குக் காரணம் யாது?
3. மேகத்திற்குள் விமானி தம் உணர்வை நம்பலாகாது. ஏன்? ஐந்து வரிகளில் விளக்குக.
4. எடைமையம் 4 செ.மீ. விலகியிருந்தால், பாடத்தில் கண்ட மேடையின் தண்டுகள் தாங்கும் சுமை எவ்வளவு?
5. 'கப்பல் ஆடுது', 'வண்டி சாயுது' ஆகிய பேச்சுத் தொடர்களை எழுத்துத் தமிழில் மாற்றுக.
6. தொட்டில், ஊஞ்சல் ஆகியவை எவ்வெவ்வாறு அசைகின்றன? வீட்டிலுள்ள பெரியவர்களிடம் உரையாடி, ஒரு பத்தி எழுதுக.