மருந்து ஏற்றுமுன்னும் பின்னும்

கண் மங்குதல், கால் மரத்துப்போதல் எனத் தோன்றி, தணிந்து, மீண்டும் தாக்குவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயின் ஒரு வகை. இதற்கென 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓக்ரிலிசுமாப் மருந்து, இரத்தக் குழாய் வழியே மெதுவாக ஏற்றப்படுகிறது. முதலில் 300 மில்லிகிராம். இரு வாரங்களுக்குப் பின் மேலும் 300. அதன்பின் ஆறு மாதத்திற்கொரு முறை 600.

இம்மருந்து நோய் எதிர்ப்பு அணுக்களுள் ஒரு வகையைக் குறைப்பதால், உடலில் அடங்கியிருக்கும் கல்லீரல் அழற்சி ‘பி’ கிருமி மீண்டும் தலைதூக்கக்கூடும். ஆகவே முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. காய்ச்சல் இருப்பின் மருத்துவரிடம் மறைத்தல் கூடாது.

ஏற்றும்போது அரிப்போ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே தாதியிடம் கூற வேண்டும். முடிந்த பின்னரும் ஒரு மணி நேரம் அங்கேயே இருத்தல் வேண்டும்.

சிறு நோவைப் பொறுத்துக்கொண்டு மரம் சீவச் செல்வது நம்மிடையே வழக்கம். இங்கே அப்பொறுமை ஆகாது, சொல்வதே காப்பு.