குளிர்கால ஏரியில் பறவைகளைப் படம்பிடித்தல்

மழைக்காலம் ஓய்ந்து வட இந்தியாவில் இரவுக் குளிர் தொடங்கும் அக்டோபர் மாதத்தில், ஊரையடுத்த ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் புதிய பறவைக் கூட்டங்கள் வந்திறங்குகின்றன. ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன், வரித்தலை வாத்து முதலியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் உள்ள நீர்நிலைகள் உறைந்து போகும்போது, இரை கிடைக்கும் இடம் நாடி இவை தெற்கே வருகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிச் செல்கின்றன. இவற்றின் மத்திய ஆசிய வலசைப் பாதை 30 நாடுகளை உள்ளடக்கியது. அப்பாதையில் சிற்றூர் ஏரியும் ஒரு தங்குமிடமே. ஆகவே, ஓர் ஏரியில் எப்பறவை, எந்நாளில், எத்தனை இருந்தது என்னும் குறிப்பு எங்கு எடுக்கப்பட்டாலும் பயனுடையது. அக்குறிப்பைச் சான்றுடன் எடுத்துத் தரும் கருவி காமிரா. பறவைக்கு ஊறு நேராமல் அதனைக் கையாளும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

துப்பாக்கியும் காமிராவும்

இராஜஸ்தானிலுள்ள பரத்பூர் நகரை அடுத்திருப்பது கேவலாதேவ் கானா என்னும் சதுப்பு நிலம். இதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். மன்னராட்சிக் காலத்தில் இது வாத்து வேட்டைக் களமாக இருந்தது. அங்கு நடந்த வேட்டைகளின் கணக்கு கற்பலகைகளில் பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் மட்டும் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அதே நிலம் 1956இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்டது. 1981இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும், 1985இல் உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. துப்பாக்கி ஏந்தியவர்கள் நின்ற கரைகளில் இன்று காமிரா ஏந்தியவர்கள் நிற்கின்றனர்.

இம்மாற்றம் வேட்டைக்கு மட்டும் உரியதன்று. முற்காலத்தில் ஓர் அரிய பறவை ஓரிடத்திற்கு வந்தது என்பதை ஐயமற நிறுவ, அதனைச் சுட்டுப் பதம் செய்து காட்சிச்சாலையில் வைப்பதே வழக்கமாயிருந்தது. இன்று நாளும் இடமும் குறித்த தெளிவான படம் பெரும்பாலான இடங்களில் அப்பணியைச் செய்கிறது. ஆயினும் காமிராவும் தீங்கற்றதன்று. அதனை ஏந்துவோர் அருகே நெருங்கி நெருங்கிப் பறவைகளைக் கிளப்பிவிடுவாராயின், சுடாமலேயே ஒரு தீங்கு விளைகிறது.

பறவையின் வரவுசெலவு

அத்தீங்கு யாதெனப் பார்ப்போம். வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து வருகிறது. அது 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பறந்தமை கருவிகளால் பதிவு செய்யப்பட்டுள்ளது. இப்பயணத்தில் உடற்கொழுப்பு மிகுதியும் கரைந்துவிடுகிறது. இழந்ததை மீட்பதும், திரும்பும் பயணத்திற்கு மீண்டும் கொழுப்பைச் சேர்ப்பதுமே குளிர்காலத்தில் பறவை செய்யும் வேலை. பறத்தலுக்கு ஓய்வு நிலையைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் செலவாகும். வாத்துகள் பல இரவில் இரை தேடிப் பகலில் நீர்மேல் உறங்குவன. நண்பகலில் தலையை முதுகிற் புதைத்து மிதக்கும் கூட்டம் சோம்பியிருக்கவில்லை, சேமித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் பலமுறை அதனைக் கிளப்பினால் வரவு குறைந்து செலவு மிகும்.

பறவை அஞ்சும் அறிகுறிகள் படிப்படியாகத் தோன்றும். முதலில் உறங்கிய தலைகள் நிமிரும், மேய்ச்சல் நின்றுவிடும். அடுத்துக் கூட்டம் ஓசையின்றி ஏரியின் நடுப்பகுதிக்கு நகரும். மூன்றாவதாகப் பறந்தெழும். தலை நிமிரும் முதற்குறியிலேயே அடியெடுத்து வைப்பதை நிறுத்த வேண்டும். கூட்டம் நகரத் தொடங்கினால் பின்வாங்க வேண்டும். மூன்றாம் நிலையை எய்தவிட்டவர் எடுத்த படம் எத்துணை அழகாயினும், முறை தவறிய படமே.

படம்பிடிக்கும் முறை

நெருங்கிச் செல்வதைவிடப் பறவை நெருங்கி வரக் காத்திருப்பதே சிறந்த முறை. முதல் நாள் காமிரா இன்றிச் சென்று, பறவைகள் எக்கரையில் மேய்கின்றன, எப்பொழுது வருகின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும். மறுநாள் அவை வருமுன்னரே, நாணலின் மறைவில் மங்கிய நிற உடை அணிந்து அமர்ந்துவிட வேண்டும். நிற்கும் மனிதனைக் காட்டிலும் அமர்ந்திருப்பவனைப் பறவைகள் குறைவாகவே அஞ்சும். பரத்பூரில் நாள்தோறும் செல்லும் சைக்கிள் ரிக்‌ஷாக்களைச் சாலையோரப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. ரிக்‌ஷாவிலிருந்து ஒருவர் இறங்கி நடந்தால் அவை விலகிவிடும். பழகிய உருவம் அச்சம் தருவதில்லை என்பதே காரணம்.

கதிரவன் படமெடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். எனவே காலையில் கீழ்க்கரையும் மாலையில் மேற்கரையும் ஏற்றவை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி விலகும்வரை நுண்ணிய விவரங்கள் படத்தில் பதிவதில்லை. அந்நேரத்தைப் பறவைகளின் குரலைக் கேட்டறியப் பயன்படுத்தலாம். 300 முதல் 600 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள லென்ஸ் தொலைவிலிருந்தே படமெடுக்கத் துணைபுரியும். பறக்கும் பறவைக்கு ஷட்டரின் வேகம் ஒரு நொடியில் 1,000இல் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரமாக இருத்தல் நன்று. கரிய நீரில் சிறிதாகத் தெரியும் வெண்கொக்கைப் படமெடுக்கையில், காமிராவின் ஒளிமானி கரிய நீரையே பெரிதும் கணக்கிட்டு மிகையான ஒளியை உள்ளே விடும். இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அவ்வேளை ஒளியளவை ஒரு படி குறைக்க வேண்டும்.

கூடுகளுக்கு அருகே செல்லலாகாது. பரத்பூரில் மஞ்சமூக்கு நாரையின் குஞ்சுகள் குளிர்காலத் தொடக்கத்திலும் கூட்டில் இருக்கும். தாய் தந்தையர் அஞ்சி அகன்றால் காகமும் பருந்தும் குஞ்சுகளைக் கவர்ந்து செல்லக்கூடும். இரை வைத்து அழைத்தல், கல்லெறிந்து பறக்கச் செய்தல், பறக்கும் காமிராக்களை ஏவுதல் ஆகியனவும் தவிர்க்கத்தக்கவை. சரணாலயங்களுக்குரிய விதிகளை வனத்துறையிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

படத்தில் இருக்க வேண்டியவை

அலகு, கால், இறக்கை மூன்றும் தெரியும் படமே இனத்தை அறிய உதவும். கிளுவையின் இறக்கையில் பளபளப்பான பச்சைத் திட்டு உண்டு. தட்டைவாயனை அதன் அகன்ற அலகே காட்டிக்கொடுக்கும். அக்டோபரில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் பல, பெட்டையைப் போன்ற மங்கிய இறகுகளுடன் காணப்படும். டிசம்பரில் அவற்றின் முழுநிறம் திரும்பிவிடும். ஆதலால் நாள் குறிக்கப்படாத படத்தால் ஆணைப் பெட்டையெனக் கருதும் பிழை நேரலாம். காமிராவின் கடிகாரம் சரியாக உள்ளதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலிலோ கழுத்திலோ வளையம் அணிந்த பறவை தென்பட்டால், அதன் எண்ணும் நிறமும் தெரியுமாறு படமெடுத்தல் மிக இன்றியமையாதது. 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், டாக்டர் சாலிம் அலியின் வழிகாட்டலில் 1959 முதல் வலசைப் பறவைகளுக்குப் பெருமளவில் வளையமிட்டு ஆராய்ந்தது. வளையமிட்ட பறவையை மீண்டும் பிடித்தாலன்றி, அல்லது அது இறந்து கிடைத்தாலன்றி, முன்னர்ப் பெரும்பாலும் செய்தி கிட்டாது. இன்று கழுத்து வளையத்தின் எழுத்தைப் படத்தில் படித்து, உயிருள்ள பறவையின் பயணத்தை அறிய முடிகிறது. அத்தகைய படங்களை நாள், இடக் குறிப்புடன் அக்கழகத்திற்கு அனுப்பலாம்.

பள்ளிக்கு ஒரு பயிற்சி

ஒரு கூட்டத்தின் படத்தை அச்சிட்டு, அதன்மேல் சமமான கட்டங்கள் வரையச் செய்க. மாணவர் முதலில் படத்தை ஒரு நிமிடம் மட்டும் பார்த்து எண்ணிக்கையை மதிப்பிடட்டும். பின்னர்க் கட்டம் கட்டமாக எண்ணட்டும். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதினால், கண் மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பது விளங்கும். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பங்குகொள்ள இது நல்ல முன்பயிற்சியாகும்.

நோயுற்ற பறவைகள்

2019ஆம் ஆண்டு நவம்பரில் இராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. பொட்டுலிசம் என்னும் நச்சு நோயே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. இந்நோயில் பறவையின் இறக்கையும் கால்களும் கழுத்தும் செயலிழக்கும். இறந்த உடலில் வளரும் புழுக்களில் நஞ்சு சேரும். அப்புழுக்களைத் தின்னும் பறவைகளும் மடியும். ஆகவே முதற்சில உடல்கள் கிடக்கும்போதே செய்தி சென்றால், உரியவர்கள் அவற்றை அகற்றிப் பரவலைத் தடுக்க இயலும். எழ முடியாத பறவைகளையோ இறந்தவற்றையோ காண்போர், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடுமாதலின், அவற்றைத் தொடலாகாது. மாணவரையும் அருகே விடலாகாது. தொலைவிலிருந்து படமெடுத்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும்.

எஞ்சி நிற்கும் சான்று

1960களின் நடுவில் பரத்பூருக்கு ஏறத்தாழ 200 சைபீரியக் கொக்குகள் குளிர்காலத்தில் வந்தன. ஆண்டுதோறும் அவற்றின் எண்ணிக்கை குறைந்தது. 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஓர் இணை வந்தது. அதன்பின் அவை அங்குக் குளிர்காலத்தைக் கழிக்க வரவில்லை. அவை அந்நீரில் நின்றமைக்கு இன்று எஞ்சியிருப்பவை குறிப்பேடுகளும் படங்களுமே. எந்தப் பறவையின் வருகை எந்த ஆண்டில் நின்றுபோகும் என்பதை முன்கூட்டி எவரும் அறியார். எனவே, இன்று எளிதாகக் காணப்படும் கிளுவையையும் நாமக்கோழியையும் கூட ஆண்டுதோறும் அதே கரையிலிருந்து படமெடுத்து, நாளும் எண்ணிக்கையும் எழுதி வைத்தல் வேண்டும். படமெடுத்தவர் எழுந்து சென்ற பின்னும் பறவை அவ்விடத்திலேயே மேய்ந்துகொண்டிருக்குமாயின், அப்பணி செவ்வனே நிறைவேறியது எனக் கொள்ளலாம்.